கூண்டுக்குள் ஓர் அமானிதம்

  

வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனது தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறி எனது உரையை ஆரம்பிக்கின்றேன்.

இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் உங்களுட் சிலருக்கு வியப்பைத் தரலாம். எலி, மரநாய், குரங்கு, பாம்பு ஆகியவற்றைப் பற்றிய பேச்சு இது. நமது வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும் புகுந்து தொல்லை தரும் உயிரினங்களை நாம் எவ்வாறு பிடிக்கின்றோம், எவ்வாறு அகற்றுகின்றோம் என்பதற்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு என்பதை நான் அரபுக் கல்லூரியில் கிதாபுகளில் ஓதி அறிந்திருந்தேன். ஆனால் அதனை நான் உணர்ந்தது எனது சொந்தத் தவறு ஒன்றினால்தான். அதனையே முதலில் கூறிவிடுகின்றேன்.

பட்டம் பெற்று வெளியேறி, திருமணமாகி, வாடகை வீடொன்றில் குடியிருந்த காலம் அது. குசினியில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. அரிசி மூடையைக் கடித்தது. குழந்தையின் பால்மாப் பைக்கற்றைக் கிழித்தது. கடையில் ஒரு கம்பிக் கூண்டு வாங்கி, தேங்காய்ச் சொட்டு ஒன்றைச் சுட்டு அதன் கொக்கியில் குத்தி, இஷாத் தொழுகைக்குப் பின்னர் அரிசி மூடைக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் ஸுப்ஹு நேரத்தில் தொலைபேசி அழைப்பு வந்தது. மனைவியின் நெருங்கிய உறவினர் ஒருவர் வேறோர் ஊரில் வபாத்தாகியிருந்தார். உடனடியாகப் புறப்பட்டோம். ஜனாஸா நல்லடக்கம் முடிந்து, அக்குடும்பத்தாருடன் இருந்துவிட்டு, மூன்று நாட்களின் பின்னரே வீடு திரும்பினோம். கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. அப்போதுதான் கூண்டு என் நினைவுக்கு வந்தது.

எலி உள்ளே இறந்து கிடந்தது. சுட்ட தேங்காய்த் துண்டு முற்றாகத் தீர்ந்திருந்தது. கூண்டின் அடிப்பலகை ஒரு மூலையில் அரைவாசி வரை அரிக்கப்பட்டிருந்தது. அதன் மூக்கில் இரத்தம் காய்ந்திருந்தது. கூண்டிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் எங்கள் தண்ணீர்க் குடம் இருந்தது.

ஒரு பெண் பூனையொன்றைக் கட்டி வைத்து, அதற்கு உணவும் கொடாமல், நீரும் கொடாமல், பூமியிலுள்ள சிறு பூச்சிகளையேனும் தின்று பிழைக்கட்டும் என்று அவிழ்த்தும் விடாமல் சாகவிட்டதனால் நரகத்துக்குரியவளானாள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அனைவரும் அறிவோம். இப்னு உமர் (ரழி) அவர்கள் வாயிலாகப் புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஹதீஸ் அது. எத்தனையோ தடவைகள் மிம்பரில் நின்று அதனை நான் எடுத்துக் கூறியிருக்கின்றேன். அன்று எனது குசினியில் நின்றபோது, அது என்னைப் பற்றியே கூறப்பட்டது போன்று இருந்தது.

அன்பர்களே! எலியைக் கொல்வது பாவம் என்று நான் கூறவில்லை. அவ்வாறு யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. இஹ்ராம் அணிந்து ஹரம் எல்லைக்குள் இருப்பவருக்குக்கூட, தீங்கு விளைவிக்கும் ஐந்து உயிரினங்களைக் கொல்ல நபி (ஸல்) அவர்கள் அனுமதி வழங்கினார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸில் காகம், பருந்து, தேள், வெறிநாய் ஆகியவற்றுடன் எலியும் இடம்பெறுகின்றது. எலியின் தீங்கு கற்பனையன்று. எலிக்காய்ச்சல் நம் நாட்டின் பெரும் சுகாதாரப் பிரச்சினைகளுள் ஒன்றாகும். 2008 ஆம் ஆண்டில் மட்டும் 7,000 இற்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவு செய்யப்பட்டனர். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் நம் காலிலுள்ள சிறு காயத்தினூடாகக் கிருமியை உடலுக்குள் கொண்டுசெல்கின்றன. மின்கம்பியின் உறையை எலி அரிப்பதனால் தீப்பிடித்த வீடுகளும் உண்டு. ஆகவே குடும்பத்தைப் பாதுகாக்க எலியை அகற்றுவது நமது கடமையே.

எனது தவறு எலியைப் பிடித்ததில் இல்லை. பிடித்ததை மறந்ததில் இருந்தது. ஓர் உயிர் சுதந்திரமாகத் திரியும் வரை அதன் உணவும் நீரும் அதன் பொறுப்பு. கூண்டின் கதவு விழுந்த கணத்திலிருந்து அது நமது பொறுப்பு. அவ்வுயிர் நம் கையில் ஓர் அமானிதமாகிவிடுகின்றது. அதனை விடுவிப்பதாயினும் கொல்வதாயினும் தாமதமின்றிச் செய்ய வேண்டும். கொல்ல அனுமதி இருக்கின்றது என்பது, வதைக்கவும் அனுமதி இருக்கின்றது என்று பொருள்படாது. இன்றைய உரையின் சாரம் இதுவே.

இனி, இதனை நடைமுறையில் எவ்வாறு பேணுவது என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, கூண்டு வாங்குவதற்கு முன்னர் பொந்தைத் தேடுங்கள். இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறும், கதவுகளை அடைக்குமாறும், விளக்கை அணைத்துவிட்டு உறங்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக்கூடும் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள். ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புஹாரியில் உள்ளது. பொறியைப் பற்றிப் பேசாமல், மூடுவதையும் அடைப்பதையும் பற்றி அன்னார் இங்கு பேசியிருப்பதைக் கவனியுங்கள்.

சுண்டெலி ஒரு பென்சிலின் தடிப்பளவான துளையினூடாக நுழைந்துவிடும். இளம் எலிக்குப் பெருவிரல் நுழையும் துளை போதும். குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடம், கதவின் கீழ் இடைவெளி, கூரையும் சுவரும் சந்திக்கும் மூலை ஆகியவற்றைப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளைத் துளையில் திணித்து, மேலே சீமெந்து பூசுங்கள். வெறும் துணியையும் கடதாசியையும் எலி ஓரிரவில் அரித்துவிடும். தென்னை மரத்தில் எலி ஏறாதிருக்கத் தகரப் பட்டி சுற்றுவது நம் மூத்தோர் செய்துவந்த காரியமாகும். கூரையின் மேல் சாய்ந்து நிற்கும் கிளையை வெட்டிவிட்டால், எலிக்கும் மரநாய்க்கும் வழி அடைபடும்.

இதில் நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டிய விடயம் ஒன்றும் உண்டு. வலீமா விருந்தில் ஸஹனில் மிஞ்சிய சோற்றையும் இறைச்சியையும் வாய்க்காலில் கொட்டுபவர்கள் யார்? ரமழானில் மிஞ்சிய நோன்புக் கஞ்சியைச் சுவருக்கு அப்பால் ஊற்றுபவர்கள் யார்? உழ்ஹிய்யாவுடைய நாட்களில் குடலையும் தோலையும் ஆழமாகப் புதைக்காமல் ஓரமாக வீசுபவர்கள் யார்? எலியையும் காகத்தையும் தெருநாயையும் நாமே விருந்துக்கு அழைத்துவிட்டு, பின்னர் அவை வந்துவிட்டனவே என்று கோபம் கொள்கின்றோம். அழைத்தவனே வந்தவரை வதைப்பது என்ன நியாயம்?

இரண்டாவது, பொறி வைத்தால் அதன் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அனைத்து விடயங்களிலும் செம்மையாக நடந்துகொள்வதை அல்லாஹ் விதித்துள்ளான் என்றும், கொல்ல நேர்ந்தாலும் அதனையும் செம்மையாகச் செய்ய வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்ததாக ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அறுக்கும் கத்தியைத் தீட்டுமாறு நமக்குக் கற்றுத்தந்த ஹதீஸும் அதுவே. குர்பான் பிராணிக்காகக் கத்தியைத் தீட்டும் நாம், எலியின் விடயத்தில் அந்த ஹதீஸை மறந்துவிடுகின்றோம்.

பசை பூசிய அட்டைகள் இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அதில் ஒட்டிய எலி உடனே இறப்பதில்லை. தோல் கிழிய இழுத்து, மணிக்கணக்கில் சில வேளை நாட்கணக்கில் துடித்தே இறக்கின்றது. பல்லியும், ஓணானும், சிறு பறவையும் அதில் ஒட்டிக்கொள்வதுண்டு. அதனை உங்கள் வீட்டுக்கு வாங்காதீர்கள். கூண்டோடு எலியை வாளி நீரில் அமிழ்த்துவது நம்மிடையே பரவலான வழக்கம். அதுவும் மூச்சுத் திணறித் துடிக்கவைக்கும் மரணமே. கொதிநீர் ஊற்றுவதும், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதும் இவற்றிலும் கொடியவை. கொல்வதே நோக்கமாயின், ஒரே அடியில் உயிரைப் போக்கும் விசைப்பொறி இவையனைத்தையும் விட மேலானது. எந்தப் பொறியாயினும் காலையிலும் இரவிலும் பார்க்க வேண்டும். பயணம் போகும் வீட்டில் பொறி விரித்திருக்கக் கூடாது.

நஞ்சு வைப்பதில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலிநஞ்சைத் தின்ற எலி உடனே இறப்பதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும். அந்நேரத்தில் அதனைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அந்த நஞ்சு செல்கின்றது. தவழும் குழந்தையின் கை எட்டும் இடத்தில் வைத்த நஞ்சுருண்டை அக்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். இறந்த எலியை வெறுங்கையால் தொடாமல், கையுறை அணிந்தெடுத்து ஆழமாகப் புதைத்து, அவ்விடத்தைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவுங்கள். சேற்றில் வேலை செய்யும் விவசாயச் சகோதரர்கள், எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரை பற்றித் தங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிந்துகொள்வது அவசியமாகும்.

இளைஞர்களே! உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. பிடிபட்ட எலியின் வாலில் நூல் கட்டி இழுப்பதும், கூண்டைத் திறந்து நாயை ஏவிவிடுவதும், அதனைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவதும் வேடிக்கையாகத் தோன்றலாம். சில இளைஞர்கள் ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடுவதை இப்னு உமர் (ரழி) அவர்கள் கண்டார்கள். அவரைக் கண்டதும் அவர்கள் கலைந்து ஓடினார்கள். உயிருள்ளதை இலக்காக ஆக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக அவர் அறிவித்தார். பெரியவர் ஒருவரைக் கண்டதும் ஓடிய அவர்களுக்கு, தாம் செய்வது தவறு என்பது உள்ளூரத் தெரிந்தே இருந்தது. உங்களுக்கும் தெரியும்.

மூன்றாவது, கூரையைப் பூட்டுவதற்கு முன்னர் உள்ளே யார் இருக்கின்றார்கள் என்று பாருங்கள். எமது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், வீட்டுச் சீலிங்கின் மேல் இரவெல்லாம் ஓட்டமும் சத்தமும் என்று முறையிட்டார். மரநாய் குடியேறியிருந்தது. ஒரு பகற்பொழுதில் ஓடையில் தகரம் அடித்து மூடிவிடப் போவதாகக் கூறினார். மரநாய் இரவில் இரைதேடி, பகலில் உறங்கும் பிராணி. பகலில் மூடினால் அது உள்ளேயே அடைபடும். மேலும், பெண் மரநாய் குட்டி ஈனுவதற்கே இவ்வாறான இருண்ட இடங்களைத் தேடுகின்றது. நாம் காதைக் கொடுத்துக் கேட்டோம்; மெல்லிய கீச்சொலி கேட்டது.

பயணமொன்றில் நபித்தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகை விரித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் வந்து, இதனை இதன் குஞ்சுகளின் விடயத்தில் துன்புறுத்தியவர் யார் என வினவி, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கப் பணித்தார்கள். அதே பயணத்தில் எரிக்கப்பட்ட எறும்புப் புற்றொன்றைக் கண்டு, நெருப்பினால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இரட்சகனுக்கே உரியது என்றும் உணர்த்தினார்கள். இது அபூதாவூதில் பதிவான செய்தி.

அச்சகோதரர் பொறுத்திருந்தார். குட்டிகள் தாயுடன் வெளியே செல்லும் பருவம் வர வாரக்கணக்கில் ஆனது. ஓடையின் வாயில் சிறிது கோதுமை மாவைத் தூவி வைத்தார். காலையில் வெளியே சென்ற தடங்களும் உள்ளே வந்த தடங்களும் அதில் பதிந்திருக்கும். வெளியே சென்ற தடங்கள் மட்டும் இருந்து, சீலிங்கில் சத்தமும் ஓய்ந்த பின்னர், ஓரிரவில் அனைத்தும் வெளியே சென்ற வேளையில் கம்பி வலை அடித்தார். அவர் முன்னரே மூடியிருந்தால், உள்ளே குட்டிகள் செத்து நாறியிருக்கும். வெளியே தாய் கூரையைப் பிய்த்திருக்கும். பொறுமையினால் அவருடைய கூரையும் தப்பியது, அக்குட்டிகளும் தப்பின.

நாட்டுச் சட்டமும் இதில் உண்டு என்பதை மறந்துவிடலாகாது. 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காட்டு விலங்குகள் பலவற்றை அனுமதியின்றிப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாகும். நாம் வாழும் நாட்டின் சட்டத்தை மதிப்பதும் நமது உடன்படிக்கையைப் பேணுவதில் அடங்கும்.

நான்காவது, உங்கள் தீங்கைப் பிறர் தலையில் இறக்கிவைக்காதீர்கள். குரங்குத் தொல்லையை மலைநாட்டு மக்களிடம் சென்று கேளுங்கள். தேங்காய், வாழை, கூரை ஓடு எதுவும் மிஞ்சுவதில்லை என்பார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என அமைச்சர் தெரிவித்தார். அடுத்த மாதம், மார்ச் 15 ஆம் திகதி, காலை 8 மணி முதல் ஐந்து நிமிடங்கள் தத்தம் வளவுகளில் உள்ள குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணுமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பிரச்சினை அவ்வளவு பெரியது.

ஆயினும், குரங்குகளைப் பிடித்து இரவோடிரவாக லொறியில் ஏற்றி வேறோர் ஊரின் எல்லையில் விட்டுவருவது தீர்வாகுமா? அவை அவ்வூரின் ஏழை விவசாயியின் தோட்டத்தில் இறங்கும். பிறருக்குத் தீங்கிழைப்பதும் தீங்குக்குத் தீங்கு செய்வதும் இஸ்லாத்தில் இல்லை என்பது நமது பிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்றாகும். பூனைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையிலும் பிற சமயத்தாரின் வணக்கத்தலத்தின் அருகிலும் விட்டுவருவதற்கும் இவ்விதி பொருந்தும். அயலவர் எந்தச் சமயத்தவராயினும் அவருக்கு நம்மால் தீங்கு நேரக் கூடாது.

காட்டுப் பன்றிக்காகக் கட்டும் சுருக்குக் கம்பியும், தீனிக்குள் மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ் எனும் வாய்வெடியும், வேலியில் திருட்டுத்தனமாகப் பாய்ச்சும் மின்சாரமும் இவ்வகையினவே. வருவது யார் என்பது அவற்றுக்குத் தெரியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் சிக்கியது. மீட்டுச் சிகிச்சையளித்தும் சில நாட்களில் இறந்துவிட்டது. வாய்வெடியைக் கடித்து, வாய் சிதைந்து, உண்ணவும் முடியாமல் யானைக் குட்டிகள் பட்டினியால் சாகின்றன. மின்வேலியில் மனிதர்களும் மாண்டிருக்கின்றார்கள். எனக்குத் தெரியாது, நான் பன்றிக்குத்தான் வைத்தேன் என்று கூறி நாளை அல்லாஹ்விடம் தப்ப முடியுமா?

பாம்பு விடயத்தில் ஒன்றைக் கூறி முடிக்கின்றேன். 2012, 2013 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நடந்த ஆய்வொன்று, இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாவதாக மதிப்பிட்டது. எனவே பாம்பைக் கண்டால் வீரம் காட்ட முற்படாதீர்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, தூரத்தில் நின்று கண்காணித்து, அனுபவமுள்ளவரையோ 1992 எனும் இலக்கத்தில் வனசீவராசிகள் திணைக்களத்தையோ அழையுங்கள். கடித்துவிட்டால் வெட்டுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்டவரை அசையவிடாமல் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். பெரும்பாலும் பாம்பு வீட்டுக்குள் வருவது எலியைத் தேடியே. எலிப் பொந்தை அடைத்தவர் பாம்பின் வழியையும் அடைத்தவராவார். சாரைப்பாம்பு நஞ்சற்றது, எலியைத் தின்பது. அதனைக் கொன்றால் எலிகளே பெருகும்.

பெற்றோர்களே! இன்றிரவு உறங்குவதற்கு முன்னர் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, டோர்ச் ஒன்றை எடுத்து வீட்டைச் சுற்றி வாருங்கள். பொந்துகளை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பாத்திரங்களை அவர்களே மூடட்டும். மூடும்போது பிஸ்மில்லாஹ் கூறட்டும். கூண்டு வைத்திருந்தால், காலையில் அதனைப் பார்க்கும் பொறுப்பு இன்னார் மீது என்று பெயர் குறித்து ஒப்படையுங்கள். ஓர் உயிரின் பொறுப்பு என்றால் என்னவென்று ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள அதுவே நல்ல பாடமாகும்.

எனது வீட்டில் அந்தக் கூண்டு இன்றும் இருக்கின்றது. எலி அரித்த மூலைப் பலகையை நான் மாற்றவில்லை. அதனைப் பயன்படுத்தும் இரவுகளில், ஸுப்ஹுக்கு வுழூச் செய்யப் போகும் வழியில் முதலில் அதனையே பார்க்கின்றேன். வெளியூர் போகும்போது கொக்கியைக் கழற்றி, கதவை மூடி, கூண்டைக் கவிழ்த்து வைத்துவிட்டே வாசலைப் பூட்டுகின்றேன். அந்த எலிக்கு நான் செய்த அநியாயத்துக்காக அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கின்றேன்.

தாகித்த நாய் ஒன்றுக்குத் தனது காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரை மன்னித்த றப்பு, நமது பிழைகளையும் மன்னிப்பானாக. நமது வீடுகளைத் தீங்குகளிலிருந்து பாதுகாப்பானாக. நமது கைகளிலிருந்து அவனது படைப்பினங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.